ராமக்கா படித்த ஆறாவது வரி

ஓசூர் சிப்காட்டில் வார்ப்பிரும்புப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். கடைசிப் பதினைந்து வருடம் அந்தப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. ஓய்வு பெற்ற பிறகு பாகலூர் சாலையில் ஒரு சிறிய கண் மையத்தில் ஒளி சிகிச்சைக் கருவியை இயக்கும் வேலையில் நான்கு வருடம் இருந்தேன். இரண்டு இடத்திலும் ஒரே தவறைச் செய்தேன். முதல் இடத்தில் அதற்குப் பாராட்டுக் கிடைத்தது. இரண்டாவது இடத்தில் ஒரு பெண்மணிக்கு இருந்த ஒரே நல்ல கண் போயிற்று.

கண் மையங்களில் டெக்னீஷியனாகச் சேருகிறவர்களும் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் புதிதாக நிற்கிறவர்களும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். அந்தப் பெண்மணியின் பெயர் ராமக்கா. தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

1. முதலுதவி அறை

லாரி பிரேக்குக்கான பாகங்களை நாங்கள் வார்த்துக்கொண்டிருந்தோம். எல்லா அளவும் எடுத்து முடித்த பாகம் கடைசியாக வந்து சேரும் இடம் விஷுவல் டேபிள். நான்கு பெண்கள் பளிச்சென்ற டியூப் லைட்டுக்கு அடியில் நின்று, ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள். கிராக் இருக்கிறதா, ப்ளோ ஹோல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. உருகிய இரும்பில் காற்று சிக்கிக்கொண்டால் உண்டாகும் சிறு குழிக்கு ப்ளோ ஹோல் என்று பெயர்.

அந்த நால்வரில் ராமக்கா மாதிரி இன்னொருவரை என் வேலைக்காலத்தில் நான் பார்த்ததில்லை. சானமாவு காட்டைத் தாண்டி, ராயக்கோட்டை சாலையில் அவருக்கு ஊர். வீட்டில் தெலுங்கு, எட்டாவது வரை படித்தது கன்னடத்தில், வேலையிடத்தில் தமிழ். ஆங்கில எழுத்துகளைப் பார்ட் நம்பர் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். ஒருமுறை, பாஸ் ஆகிப் பெட்டியில் அடுக்கிவிட்ட ஒரு பாகத்தை எடுத்து வந்து என் மேஜையில் வைத்தார்.

"இதுல கிராக் இருக்குது சார்."

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சாயம் தடவித் துடைத்துப் பார்த்தபோது முடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன். "அது அங்க இருக்குது, நான் பார்த்தன். இதுல என்னா சார் கண்டுபிடிக்கறது?" என்றார்.

இத்தனையையும் அவர் ஒரு கண்ணால்தான் செய்தார். சிறு வயதில் கேழ்வரகு அறுக்கும்போது தாள் குத்தி இடது கண்ணில் தழும்பு விழுந்துவிட்டது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் நடமாட்டம் தெரியும், எழுத்துத் தெரியாது.

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் ஆடிட் வந்தபோதுதான் சிக்கல் வந்தது. விஷுவல் இன்ஸ்பெக்டர்களுக்கு வருடாவருடம் கண் பரிசோதனை நடக்க வேண்டும், இரண்டு கண்ணும் தனித்தனியே ஆறாவது வரியைப் படிக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. ராமக்கா வலது கண்ணால் எட்டு வரியும் படித்தார். இடது கண்ணுக்கு முதல் எழுத்தே தெரியவில்லை. சார்ட்டிலேயே பெரிய எழுத்து அது.

பிளாண்ட் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஐ டெஸ்ட்ல ஃபெயில் ஆன லேடியை டேபிள்ல நிக்க வெச்சிருக்கீங்களாமே?"

"சார், அவங்களை எடுத்துட்டா ரிஜெக்‌ஷனை யார் புடிக்கிறது?"

"அது எனக்குத் தெரியாதுப்பா. எனக்கு பேப்பர் க்ளீனா வேணும். பேப்பரை க்ளீன் பண்ணுங்க, இல்ல ஆளை மாத்துங்க."

ஆளை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. மாற்றியிருந்தால் ராமக்கா பெருக்குகிற வேலைக்குப் போயிருப்பார். அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரை முதலுதவி அறைக்கு அழைத்துப்போனேன். சுவரில் அந்தச் சார்ட் தொங்கியது. எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லாக் கண்ணாடிக் கடையிலும் தொங்குகிற அதே ஆங்கில எழுத்துச் சார்ட்தான். வலது கண்ணால் பார்த்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். ஆறாவது வரியில் தடுமாறினார். அதை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தேன்: ஈ, டி, எஃப், சி. கொஞ்சம் நிறுத்தி, இசட், பி.

மறுநாள் வலது கண்ணை மூடிக்கொண்டு, தெரியாத இடது கண்ணைச் சுவர்ப்பக்கம் காட்டி, ஆறு வரியையும் ஒப்பித்தார். சோதிக்க வந்தவர் டிக் போட்டார். ஆடிட்டர் அந்தத் தாளைப் பார்த்துத் தலையாட்டினார். மேனேஜர் என் தோளில் தட்டினார்.

"பத்தாவதுகூட தாண்டாதவளை இங்கிலீசுல பாஸ் பண்ண வெச்சிட்டீங்களே சார்" என்று ராமக்கா சிரித்தார்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் அதே சோதனை, அதே ஒப்பித்தல். முதல் இரண்டு வருடம் நான் ஞாபகப்படுத்தினேன். அப்புறம் அதற்குத் தேவையிருக்கவில்லை. ஒரு நல்ல தொழிலாளியைக் காப்பாற்றினேன் என்றுதான் ஓய்வு பெறும் நாள்வரை நினைத்திருந்தேன்.

2. மூன்று வெளிச்சம்

நான் இயற்பியல் பட்டதாரி. கண் மையத்தில் புதிதாக வந்த கருவியின் ஆங்கிலக் கையேட்டைப் படித்து, தினமும் சரிபார்த்து, ரெஜிஸ்டர் எழுத ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் போய்ச் சேர்ந்தேன்.

வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிற நோய் ஒன்று உண்டு. அந்த நடுப்பகுதிக்கு மேக்குலா என்று பெயர். அது கெட்டால் எதிரில் இருப்பவரின் முகம் தெரியாது, எழுத்துத் தெரியாது. ஓரத்தில் மட்டும் பார்வை இருக்கும். இதில் உலர் வகை மெதுவாகப் போகும். அது சிலருக்குத் திடீரென்று ஈர வகையாக மாறும். தேவையில்லாத ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசியும். அப்போது உடனே ஊசி போட வேண்டும். நாள் கடத்தினால் பார்வை போய்விடும்.

எங்கள் கருவி உலர் வகைக்கு மட்டும். நோயாளி முகவாயைத் தாங்கியில் வைத்து உட்காருவார். மஞ்சள், சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று என்று மூன்று வகை வெளிச்சத்தைச் சில நிமிடம் கண்ணுக்குள் விடுவோம். வலி இல்லை, மருந்து இல்லை. வாரத்துக்கு மூன்று முறை, மொத்தம் ஒன்பது சிட்டிங்.

பெண் டாக்டர் ஒருவர் பெங்களூருவிலிருந்து சனிக்கிழமை மட்டும் வருவார். நான் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லிவிட்டார்.

"சார், இது க்யூர் இல்ல. கொஞ்ச பேருக்கு கொஞ்சம் ஹெல்ப் ஆகலாம், கொஞ்சம் தள்ளிப் போடலாம். அவ்ளோதான். பேஷண்ட் கிட்ட பெருசா எதுவும் சொல்லாதீங்க. இன்னொண்ணு ரொம்ப முக்கியம். இந்தக் கட்டம் போட்ட கார்டை ஒவ்வொரு தடவையும் காட்டுங்க. கோடு வளையுதுன்னு யாராவது சொன்னா அன்னைக்கே எனக்கு போன் பண்ணணும். சனிக்கிழமை வரைக்கும் வெயிட் பண்ணவே கூடாது. அன்னைக்கே ஸ்கேன்."

இதை என் நோட்டில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

தினமும் காலையில் வெளிச்சத்தின் அளவை மீட்டர் வைத்துச் சரிபார்ப்பேன். சிட்டிங்குக்கு முன்னால் ஒவ்வொருவரையும் சுவர்ச் சார்ட்டைப் படிக்கச் சொல்லி, எத்தனையாவது வரி என்று குறிப்பேன். தொழிற்சாலைப் பழக்கத்தில் ஆளுக்கு ஒரு ரன் சார்ட் வரைந்து வைத்தேன். தேதிக்கு ஒரு புள்ளி, புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு. பெரும்பாலும் அந்தக் கோடுகள் தட்டையாகவே போயின. சில கீழே இறங்கின. டாக்டர் சொன்னது அதுதான். எனக்கு அது போதவில்லை. மேலே ஏறுகிற ஒரு கோட்டுக்காக நான் காத்திருந்தேன்.

3. நம்ம கம்பெனி சார்ட்டு

ராமக்காவை நான்தான் வரவழைத்தேன். பழைய தோழர் ஒருவரின் வீட்டுக் கல்யாணத்தில் பார்த்தேன். அவருக்கு அறுபத்துநான்கு வயது ஆகியிருந்தது. தட்டிலிருந்த லட்டை எடுக்கும்போது கை ஒரு விரற்கடை தள்ளிப் போனது. "நடுவுல கொஞ்சம் புகையாட்டம் இருக்குது சார்" என்றார். எங்கள் மையத்துக்கு வாருங்கள், நல்ல மெஷின் வந்திருக்கிறது, பார்வை தெளிந்துவிடும் என்று சொன்னேன். தெளிந்துவிடும் என்ற சொல்லைச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மகள் மஞ்சுளாவுடன் வந்தார். மஞ்சுளா எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் அசெம்பிளி லைனில் இருக்கிறாள். டாக்டர் தன் அறையில் இருக்கும் திரையில் எழுத்துகளைப் போட்டுச் சோதித்தார். வலது கண்ணில் நான்காவது வரிவரை தெரிந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து உலர் வகைதான் என்றார். அவர்கள் வெளியே போனதும் என்னிடம், "ஒரு கண்ணுதான் இருக்கு. ஜாக்கிரதை" என்றார்.

செவ்வாய்க்கிழமை முதல் சிட்டிங். என் அறைக்குள் வந்ததும் ராமக்கா சுவரைப் பார்த்துத் தலையைச் சாய்த்தார்.

"சார், இது நம்ம கம்பெனி சார்ட்டு இல்ல?"

"எல்லா இடத்துலயும் இதே சார்ட்தான் ராமக்கா."

"தூங்கும்போது எழுப்பிக் கேட்டாகூட எனக்கு வரும்."

மஞ்சுளாவுக்குப் புரியவில்லை. முதலுதவி அறைக் கதையைச் சொன்னேன். மூவரும் சிரித்தோம். பிறகு ராமக்கா கருவியைத் தடவிப் பார்த்து, "கேலிப்ரேஷன் ஸ்டிக்கர் எங்க சார்? ஸ்டிக்கர் இல்லாத மிஷினை உங்க ஏரியாவுல உடமாட்டீங்களே" என்றார். அளவு சரிபார்த்த தேதியோடு பின்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினேன். திருப்தியாகத் தலையாட்டினார்.

அந்த நிமிடமே அந்தச் சார்ட்டைக் கழற்றி வேறு எழுத்துச் சார்ட்டை மாட்டியிருக்க வேண்டும். அலமாரியில் இரண்டு இருந்தன. பாகத்தின் அளவு முன்கூட்டியே தெரிந்த ஆளிடம் அளக்கக் கொடுத்தால் அந்த ரீடிங்குக்கு மதிப்பு இல்லை என்று எத்தனையோ பேருக்கு வகுப்பு எடுத்தவன் நான். வெளிச்சத்தைத் தினமும் சரிபார்த்தேன், சார்ட்டைச் சரிபார்க்கவில்லை.

அன்று அவர் நான்கு வரி படித்து நிறுத்திவிட்டார். நேர்மையாகத்தான் படித்தார். வியாழக்கிழமையும் நான்கு. சனிக்கிழமையும் நான்கு. கோடு தட்டையாக இருந்தது. ரன் சார்ட்டில் மூன்றாவது புள்ளியை வைத்துவிட்டு, "இன்னும் ஏறல. பார்ப்போம்" என்றேன். என் குரலில் ஏமாற்றம் இருந்திருக்க வேண்டும்.

"ஏறலன்னா நிறுத்திடுவாங்களா சார்?" என்று ராமக்கா கேட்டார்.

"அதெல்லாம் இல்ல" என்றேன். அவர் நம்பவில்லை. சார்ட்டில் தோற்றால் டேபிளிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்பதை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தானே.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஐந்து வரி படித்தார். மஞ்சுளா அம்மாவின் தோளை அணைத்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ரன் சார்ட்டைப் பெஞ்சில் காத்திருந்த மற்றவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

4. வியாழக்கிழமை

ஐந்தாவது சிட்டிங்குக்கு வந்தபோது ராமக்காவின் முகம் வேறு மாதிரி இருந்தது. நாற்காலியில் உட்காரும் முன்பே சொன்னார்.

"சார், பஸ் ஸ்டாப்புல கரண்டு கம்பம் பெண்டாயி தெரியுது. நேத்துலேர்ந்து. தலையைத் திருப்பி ஓரமாப் பார்த்தா நேரா நிக்குது. நேராப் பார்த்தா நெளியுது."

கட்டம் போட்ட கார்டைக் கையில் கொடுத்தேன். இடது கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியைப் பார்த்தார்.

"கோடு உள்வாங்குது சார். நடுவுல ஒரு ப்ளோ ஹோல் மாதிரி. அதைச் சுத்தி எல்லாம் இழுத்துகினு போவுது."

என் அனுபவத்தில் இவ்வளவு துல்லியமாக எந்த நோயாளியும் சொன்னதில்லை. முப்பது வருடம் குறைகளைப் பார்த்துப் பெயர் சொன்ன ஒருவர், தன் கண்ணில் இருக்கும் குறையை இடம், வடிவம் எல்லாம் சேர்த்துச் சொன்னார். சிவப்பு மையில் நான் எழுதி வைத்ததும் இதைத்தான். போன் என் சட்டைப்பையில் இருந்தது.

நான் போனை எடுக்கவில்லை. "எதுக்கும் சார்ட்டைப் படிங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பினார். ஐந்து வரி படித்தார். ஆறாவது வரிக்கு வந்தார்.

"ஈ, டி, எஃப், சி." கொஞ்சம் நிறுத்தினார். "இசட், பி."

அந்த நிறுத்தம் என்னுடையது. முதலுதவி அறையில் நான் பிரித்துக் கொடுத்த இடத்தில் நிறுத்தினார். சார்ட்டில் அந்த இடத்தில் இடைவெளி கிடையாது. கண்ணால் படிக்கிறவர் யாரும் அங்கே நிறுத்த மாட்டார்கள். அது எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று பின்னால் பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்தேன். தெரிந்துதான் செய்தேன்.

ரெஜிஸ்டரில் ஆறு என்று எழுதினேன். ரன் சார்ட்டில் புள்ளி வைத்தேன். நான்கு வருடத்தில் முதல்முறையாக ஒரு கோடு நான் விரும்பியபடி ஏறியிருந்தது.

"ரீடிங் நல்லா வந்திருக்கு ராமக்கா. கண்ணு அசதியா இருக்கும். சனிக்கிழமை டாக்டர் வராங்க, அப்போ சொல்லிடலாம்."

"அப்ப ஒண்ணும் இல்லீங்களா சார்?"

"ஒண்ணும் இல்ல."

கோடு வளைகிறது என்று அவர் சொன்னதை எழுதும் இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொன்னேன். மஞ்சள் விளக்கு எரிந்தது.

5. யானை

சனிக்கிழமை காலை மஞ்சுளா போன் செய்தாள்.

"சார், சானமாவுல யானை எறங்கியிருக்குது. பாரஸ்ட்டுக்காரங்க ரெண்டு பக்கமும் வண்டியை நிறுத்திட்டாங்க. ஒன்றரை மணி நேரமா பஸ்ஸுலயே உட்கார்ந்திருக்கோம். அம்மா திரும்பிடலாம்ங்கறாங்க. நான் வேணா ஆட்டோ புடிச்சி சுத்திகினு கூட்டியாரட்டுமா?"

டாக்டர் பக்கத்து அறையில்தான் இருந்தார். மாலை நான்கு மணிவரை இருப்பார். எவ்வளவு தாமதமானாலும் வந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு ஐந்து நொடி போதும்.

"வேண்டாம்மா, செவ்வாய்க்கிழமை வாங்க. ரீடிங் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

டாக்டர் கிளம்பும்போது, "அந்த ஒரு கண்ணு பேஷண்ட் எப்படி?" என்று கேட்டார். "ஆறாவது வரி படிக்கிறாங்க மேடம்" என்றேன். புருவத்தை உயர்த்தினார். "ஆறா? பரவாயில்லையே. அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்துடுவோம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

செவ்வாயும் வியாழனும் ராமக்கா வந்தார். ஆறு வரி ஒப்பித்தார். கம்பத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை, கார்டையும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை திரும்பிப் போகும்போது கதவு நிலையில் இடித்துக்கொண்டார். மஞ்சுளா, "பார்த்து வாம்மா" என்றாள்.

6. இல்லீங்க மேடம், நான் சொல்லல

அடுத்த சனிக்கிழமை டாக்டர் தன் அறைத் திரையில் எழுத்தைப் போட்டார். அது சுவர்ச் சார்ட் இல்லை, எழுத்துகள் மாறி மாறி வரும்.

"படிங்கம்மா."

ராமக்கா தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். டாக்டர் எழுத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். திரை முழுக்க ஒரே எழுத்து நின்றது.

"திரையோட ஓரம் தெரியுதுங்க. நடுவுல கறுப்பா இருக்குது."

ஸ்கேன் எடுத்தார்கள். மேக்குலாவுக்கு அடியில் ரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

"ஆறாவது வரி படிச்சாங்கன்னு சொன்னீங்க. எப்ப?"

"முந்தாநாள்கூட படிச்சாங்க மேடம்."

"கார்டு காட்டினீங்களா? கோடு வளையுதுன்னு சொன்னாங்களா?"

ரெஜிஸ்டர் அவர் மடியில் திறந்திருந்தது. கார்டைப் பற்றி எழுதும் இடம் காலியாக இருந்தது. ராமக்கா என்னிடமிருந்து நான்கடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். மஞ்சுளா அவர் கையைப் பிடித்திருந்தாள்.

"இல்ல மேடம், சொல்லல" என்றேன்.

டாக்டர் ராமக்காவின் பக்கம் திரும்பினார். "அம்மா, கோடு எதாவது நெளியுதுன்னு இவர் கிட்ட சொன்னீங்களா?"

ராமக்கா என் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினார். அவருக்கு என் முகம் தெரிந்திருக்காது.

"இல்லீங்க மேடம், நான் சொல்லல. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

மஞ்சுளா அம்மாவைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்த வியாழக்கிழமை அவளும் அறையில் இருந்தாள். அவளும் பேசவில்லை. அம்மா ஒன்றைச் சொன்ன பிறகு மறுத்துப் பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

அன்றே பெங்களூருவுக்கு அழைத்துப்போய் ஊசி போட்டார்கள். அப்புறம் மாதம் ஒன்றாக இன்னும் சில. ரத்தம் வற்றியது. வற்றிய இடத்தில் தழும்பு விழுந்துவிட்டது. இடது கண்ணில் விழுந்தது போலவே.

7. மூன்று வாரம் கழித்து

உண்மையை டாக்டரிடம் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. கார்டு, கம்பம், மனப்பாடம், யானை வந்த அன்று வந்த போன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வெளிச்சத்தால எதுவும் ஆகல. இது மாறும்போது மாறும், அதை யாராலயும் தடுக்க முடியாது" என்றார். "அந்த வியாழக்கிழமை போன் பண்ணியிருந்தா வெள்ளிக்கிழமை ஊசி போட்டிருப்பேன். முழுசா காப்பாத்தியிருப்பேன்னு சொல்ல மாட்டேன். ஆனா சான்ஸ் இருந்துச்சு. ஒன்பது நாள் சார்."

பிறகு, "நீங்க எத்தனை வருஷம் குவாலிட்டியில இருந்தீங்க?" என்று கேட்டார். முப்பத்தொன்று என்றேன். சாவியை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

இந்தக் குறிப்பைப் படிக்கிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். சார்ட்டை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். நோயாளி வாயால் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே முதலில் எழுதுங்கள், எண்ணை அப்புறம் எழுதுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் எண்ணைச் சந்தேகப்படுங்கள். ஒரு ரீடிங் நீங்கள் ஆசைப்பட்டபடியே வந்தால் அதை இன்னொருவரை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். நல்ல காரணத்துக்காக ஒருவருக்குப் பொய்யான பரிசோதனையைக் கற்றுக்கொடுக்காதீர்கள். அவர் அதை மறக்க மாட்டார். உங்களுக்காகவே ஒருநாள் அதைச் செய்வார்.

சாவியைக் கொடுத்த அடுத்த வாரம் ராமக்காவின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்ற மஞ்சுளா உள்ளே வரச் சொல்லவில்லை.

"ஒரு போன் சார். ஒரே ஒரு போன். அதுகூட முடியலயா உங்களுக்கு?"

உள்ளேயிருந்து ராமக்கா, "யாரு, சாரா? உள்ள வரச் சொல்லு" என்றார். மஞ்சுளா விலகி வழிவிட்டாள்.

ராமக்கா தரையில் சாக்கை விரித்துப் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அது புளி உலுக்கும் காலம். எதிரில் உட்கார்ந்தேன். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, என் தோளைப் பார்ப்பது போல வைத்துக்கொண்டார். ஓரப்பார்வையில் என் உருவம் தெரியும். முகம் வேண்டுமானால் அவர் வேறெங்காவது பார்க்க வேண்டும், அப்போதும் அது முகமாகத் தெரியாது.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றேன்.

"எதுக்கு சார் சொன்னீங்க? நான்தான் இல்லன்னு சொல்லிட்டனே. உங்க பேரு கெடாம இருந்திருக்குமே."

"அன்னைக்கு எழுத்து உங்க கண்ணுக்குத் தெரியலன்னு எனக்குத் தெரியும் ராமக்கா. ஆறாவது வரியில நிறுத்தினீங்க."

அவர் கை நின்றது. மெதுவாகக் கேட்டார்.

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"நான் உங்களை ஏமாத்திட்டன், அதனாலதான் கண்ணு போச்சுன்னு நினைச்சிகினு இருந்தன் சார். இத்தனை நாளா."

கண் போனதோடு, அதற்கான குற்றத்தையும் அவரே சுமந்துகொண்டு இருந்திருக்கிறார். அதையும் நான்தான் அவர் தலையில் வைத்திருக்கிறேன். மஞ்சுளா அடுப்பங்கரையில் ஒரு பாத்திரத்தை வேகமாக வைத்தாள்.

ராமக்கா மறுபடி புளியை எடுத்தார். விரலால் அழுத்தி அழுத்தித் தடவிப் பார்த்தார். கொட்டை எடுத்து முடித்ததில் ஒரு கைப்பிடி அள்ளி என் பக்கம் நீட்டினார்.

"கொட்டை ஏதாவது நின்னுபோச்சா பாருங்க சார். மஞ்சுளா இருக்குதுன்னு சொல்லவே மாட்டேங்கறா. எல்லாம் சுத்தமா இருக்குதும்மாங்கறா. அப்பால அவளே உட்கார்ந்து எடுக்கறா."

வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட நாக்கு முந்தியது.

"இருக்குது ராமக்கா. நாலு இருக்குது."

"எந்தப் பக்கம்?"

அவர் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். நான்கையும் எடுத்துக் கீழே போட்டார். பிறகு அந்தக் கைப்பிடியை ஒதுக்கி வைத்துவிட்டு, சாக்கில் மீதியிருந்ததை எல்லாம் என் பக்கம் தள்ளினார்.

"அப்ப இது எல்லாத்தையும் பார்த்துடுங்க" என்றார்.

பார்க்கத் தொடங்கினேன். ஒவ்வொரு கைப்பிடியிலும் கொட்டை இருந்தது.